சோதனை தேவையில்லாதவர்

"ஆண்ட்டிக்கு மட்டும் ஏன் எப்பவும் ஊசி? அங்கிளுக்குக் கிடையாதா?"

இப்படி ஒருமுறை கேட்டவள் அஃப்ஸானா. அப்போது அவள் யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள். ஓசூரில் பாகலூர் சாலைக்குப் பின்புறம் ஒரே காம்பவுண்டுக்குள் அடுத்தடுத்து இருந்த வீடுகளில் ஒன்று அவளுடையது. பக்கத்து வீட்டில் பிரகாஷும் அவன் மனைவி சுகுணாவும் குடியிருந்தார்கள். மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் திரும்பிய சுகுணா, முழங்கையின் உட்புறத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தாள். பிரகாஷ் படியில் உட்கார்ந்து கம்பெனி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அஃப்ஸானாவின் அம்மா தில்ஷாத் பதறிப்போய், "ஏய், வாய மூடு. பெரியவங்ககிட்ட இப்படியா கேக்கறது?" என்று மகளைப் பிடித்து இழுத்தாள்.

சுகுணா சிரித்தாள். "விடு தில்ஷாத். அங்கிளுக்குப் பச்சை அட்டை இருக்குது கண்ணு. அது இருந்தா ஊசி கிடையாது."

"எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க ஆண்ட்டி," என்றாள் குழந்தை.

பிரகாஷ் ஷூ கயிற்றில் இல்லாத ஒரு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

பச்சை அட்டை என்பது மழலை மேன்மை மையம் வழங்குவது. அந்த மையத்தை நிறுவியவர் பூபதி. அதற்கு முன் அவர் வாகனக் கம்பெனிகளுக்கு நட்டும் போல்ட்டும் செய்து கொடுத்துவந்தார். அவர் அனுப்பிய போல்ட் எதுவும் திரும்பி வந்ததில்லை என்று பெயர். வயது ஏறியபோது சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பிள்ளையில்லாத தம்பதிகளைப் பார்க்கும்போதெல்லாம், குறித்த தேதியில் டெலிவரி ஆகாத ஆர்டர்களைப் பார்ப்பதுபோல் அவருக்கு மனம் வலித்தது. டாக்டர்களை வேலைக்கு வைத்து, போல்ட் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு முறைகளை அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்.

மையத்தின் நுழைவாயிலில் ஒரு விநாயகர் இருந்தார். அடையாள அட்டை இல்லாமல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதியாதலால் அவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. அதில் 'பார்வையாளர்' என்று எழுதியிருந்தது.

மனைவிமாருக்கு மஞ்சள் அட்டை. அதில் 'உற்பத்திப் பிரிவு' என்றிருக்கும். மாமியார்களுக்கு நீல அட்டை. குழந்தையைக் கேட்பவர்கள் அவர்களே என்பதால் அவர்கள் 'வாடிக்கையாளர்'. கணவன்மாருக்குப் பச்சை அட்டை. 'சான்று பெற்ற சப்ளையர். சோதனை தேவையில்லை.'

சேருகிற தம்பதிகளுக்கெல்லாம் பூபதி நேரில் வரவேற்புரை ஆற்றுவார். "ஒரு சப்ளையர நம்பினா, அவன் அனுப்புற பெட்டியப் பிரிச்சுப் பாக்கக் கூடாது. பாத்தா அவனுக்கு அவமானம். அவமானப்பட்டவன் அடுத்த மாசம் சரக்கு அனுப்ப மாட்டான். ஆம்பளைங்களும் அப்படித்தான். நம்ம மையத்துல இதுவரைக்கும் ஒரு ஆம்பளகூட ஃபெயில் ஆனதில்ல. வேற எந்த ஆஸ்பத்திரியாவது இப்படிச் சொல்ல முடியுமா? ஏன் முடியாது? அவங்க டெஸ்ட் பண்றாங்க. அதான் வித்தியாசம்."

எல்லோரும் கைதட்டுவார்கள். மஞ்சள் அட்டைக்காரர்களும் தட்டுவார்கள். பிறகு கணவன்மார் 'என் தரப்பில் குறை ஏதுமில்லை' என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். மனைவிமார் ரவிக்கைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு வரிசையில் உட்காருவார்கள்.

பிரகாஷுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. அவன் பைக்குகளுக்கு கிளட்ச் கேபிளும் பிரேக் கேபிளும் செய்கிற கம்பெனியில், வெளியிலிருந்து வருகிற கம்பிச்சுருள்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தான். சான்று பெற்ற சப்ளையரின் கம்பியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவன் கையெழுத்துப் போட்டால் அது நேராக உற்பத்தி லைனுக்குப் போய்விடும். பின்னால் எங்காவது கேபிள் அறுந்தால், லைனில் நிற்கிற பெண்ணைக் கூப்பிட்டு, என்ன தப்புச் செய்தாய் என்று கேட்பார்கள். நாள் முழுக்க அப்படிப் போட்டுப் பழகிய கை அது. மையத்தில் தாளை நீட்டியதும் கண் படிக்கும் முன்பே கை போட்டுவிட்டது.

முதல் தடவைக்கு அந்தச் சமாதானம் போதும். ஆனால் சான்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது தடவை அவன் அந்த வரியைப் படித்தான். படித்துவிட்டுப் போட்டான்.

மையத்தில் தஸ்லிம் என்ற இளம் டாக்டர் இருந்தாள். கிருஷ்ணகிரிக்காரி. ஜெனரேட்டருக்குப் பக்கத்திலிருந்த கடைசி அறையில் அவளையும் ஒரு மைக்ராஸ்கோப்பையும் உட்கார வைத்திருந்தார்கள். ஒருநாள் பிரகாஷைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "அண்ணா, ஒரு தடவை நீங்களும் சாம்பிள் குடுத்துட்டுப் போங்க. அரை மணி வேலை. சிஸ்டத்துல ஏத்த மாட்டேன்," என்றாள்.

"ஷிப்ட்டு இருக்குதுங்க மேடம்," என்றான் பிரகாஷ்.

அன்று அவனுக்கு வார விடுமுறை.

இப்படியே வருடங்கள் போயின. சுகுணாவின் கையில் நரம்பு தேடுவது நர்ஸுகளுக்குக் கடினமாகிக்கொண்டே வந்தது. ஊசி மருந்தில் அவள் முகம் உப்பியது. ஒருமுறை வயிற்றில் துளை போட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, அதையே ஒரு சந்தேகமாகக் குறித்துக்கொண்டார்கள். பிரகாஷ் நல்ல கணவன் என்று காம்பவுண்டில் பெயர். அவளுக்கு வென்னீர் வைத்துக் கொடுப்பான், துணி துவைப்பான். மாத்திரை நேரத்தைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாதவன் மற்ற எல்லாவற்றையும் எவ்வளவு அக்கறையாகச் செய்வான் என்பதைக் கடவுள் ஒருவர்தான் முழுக்கப் பார்த்திருப்பார்.

வாடிக்கையாளர் கூட்டம் மாதம் ஒருமுறை. பிரகாஷின் அம்மா சரோஜம்மாள் சாமல்பட்டியிலிருந்து கிருஷ்ணகிரி வந்து, பஸ் மாறி வருவாள். அவள் கெட்டவள் அல்ல. யார் வீட்டிலும் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தயங்குகிறவள். வரும்போதெல்லாம் மருமகளுக்குப் பிடிக்குமென்று முருங்கைக்கீரையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். ஆனால் கழுத்தில் நீல அட்டை ஏறி, கையில் பாதாம் பால் தரப்பட்டு, "கஸ்டமர் திருப்தியா இருக்காங்களா?" என்று கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து கேட்டால், எந்த மனுஷிக்கும் குறை சொல்லத் தோன்றத்தான் செய்யும்.

"என்னாத்த திருப்தி. ஊர்ல எல்லாம் கேக்குறாங்க. இவ சரியா சாப்புடறதில்ல. எப்பப் பாத்தாலும் யோசன," என்பாள். அதைப் புகாராகப் பதிவு செய்வார்கள்.

அப்படிப் பதிவானவை நிறையச் சேர்ந்ததும் ஒரு மறுஆய்வுக் கூட்டம் நடந்தது. குறைக்கு மூலகாரணம் கண்டுபிடிக்க ஒரு மீன்முள் படத்தைத் திரையில் போட்டார்கள். சுகுணாவின் சாப்பாடு ஒரு முள். அவள் தூக்கம் ஒரு முள். கவலை, பஸ் பயணம், நேர்ந்துகொண்டு செய்யாமல் விட்ட பிரார்த்தனை என்று ஒவ்வொன்றும் ஒரு முள். மீனின் மறுபக்கத்தில் முள்ளே இல்லை. அங்கே 'சப்ளை: சான்று உள்ளது' என்று மட்டும் இருந்தது.

பூபதி எழுந்தார். "லைனத் திறந்து பாத்துருவோம். வெள்ளிக்கிழமை பெரிய ஆபரேஷன். அதுலயும் காரணம் கிடைக்கலன்னா, வாடிக்கையாளர் விரும்பினா மாற்று லைனுக்கு நம்ம விதியில இடம் இருக்குது."

மாற்று லைன் என்றால் என்ன என்று சரோஜம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். மகனுக்கு இன்னொரு பெண்ணைக் கட்டி வைப்பது என்று சொன்னார்கள். அவள் மறுக்கவில்லை. "எங்க அண்ணன் பேத்தி ஒருத்தி இருக்கறா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டாள்.

"உற்பத்திப் பிரிவு ஏதாவது சொல்ல விரும்புதா?" என்று பூபதி கேட்டார்.

"எனக்கு என்னாங் சார்," என்றாள் சுகுணா. "எல்லாரும் சேந்து சொன்னா சரிதான்."

பிரகாஷின் கழுத்தில் பச்சை அட்டை மின்விசிறிக் காற்றில் திரும்பித் திரும்பி ஆடியது.

சரோஜம்மாளை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தியபோது, முன்னால் பார்த்தபடியே பிரகாஷ் சொன்னான்.

"நான் டெஸ்ட்டே குடுக்கல சுகுணா."

"தெரியும்."

அவன் திரும்பினான்.

"கையெழுத்துன்னா டெஸ்ட்டு இல்லன்னு நீங்கதான கம்பெனிக் கதையா வந்து சொல்லுவீங்க," என்றாள். "ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவ சொல்லிருவாருன்னு பாப்பன். அப்புறம் ஊசி போட்டுருவாங்க. மயக்கத்துல மறந்துரும்."

"பயந்துட்டன்."

"எனக்கு மட்டும் பயம் இல்லன்னு நெனச்சீங்களா?"

ரயில் போய் கேட் திறந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பிரகாஷ் வண்டியை வந்த வழியே திருப்பினான்.

மையத்தில் அவனுக்குக் கிடைத்த வரவேற்பை அவன் எதிர்பார்க்கவில்லை. சான்று பெற்ற சப்ளையர் ஒருவர் தானாக வந்து, என்னைச் சோதியுங்கள் என்று கேட்பதற்கு அங்கே நடைமுறை இல்லை. பூபதி பொறுமையாக விளக்கினார்.

"டெஸ்ட் பண்ணணும்னா உங்க சான்று ரத்தாகணும். ரத்தாகணும்னா குறை நிரூபணமாகணும். நிரூபணமாகணும்னா டெஸ்ட் பண்ணணும். பாத்தீங்களா? எங்கயும் ஓட்டையே இல்ல. இதுக்குத்தான் எங்களுக்கு விருது குடுத்தாங்க."

"அப்ப நான் என்னா சார் செய்யறது?"

"உங்களுக்குத் தன்னம்பிக்க கொறஞ்சிருக்குது. கவுன்சலிங் போங்க."

கவுன்சலிங் அறையில் சிங்கங்கள் ஓடுகிற வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். பாதியில் கரண்ட் போனது. "ஸ்வல்ப வெயிட் மாடி சார்," என்று கன்னடத்தில் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு நர்ஸ் வெளியே போனாள். பிரகாஷ் இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கடைசி அறைக்குப் போனான்.

தஸ்லிம் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்து, "பாத்ரூம் அந்தப் பக்கம் அண்ணா," என்றாள்.

கரண்ட் வந்ததும் அவனையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். வெளிச்ச வட்டத்துக்குள் பொடிப்பொடியாகக் கிடந்தன. வால்கள் துடித்தன. இடத்தை விட்டு எதுவும் நகரவில்லை. எங்கேயோ போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்ததுபோலவும், போக முடியாததற்கு வெட்கப்படுவதுபோலவும் இருந்தது அவனுக்கு.

"உயிர் இருக்குதுண்ணா. நீந்தத்தான் முடியல. வாலுக்குள்ள நீளவாக்குல ஒன்பது தடிச்ச இழை ஓடும். வாலுக்கு உறுதி குடுக்கறது அதுதான். அந்த இழைய ஆக்கற புரதம் ஒண்ணு இருக்குது. அதுல கோளாறோன்னு சந்தேகமா இருக்குது. பெங்களூருக்கு ரத்தம் அனுப்பிப் பாக்கலாம்."

"கேபிளுக்குள்ள கம்பி தொவண்டு போச்சுன்னா, கிளட்ச்ச எவ்ளோ அமுக்கினாலும் வேல செய்யாது. அந்த மாதிரிங்களா?"

"அந்த மாதிரின்னு வச்சுக்கோங்க."

"இதுக்கு அவ வயித்தத் தொறந்து என்னாங்க பாப்பாங்க?"

"ஒண்ணும் பாக்க முடியாதுண்ணா."

அவன் டப்பாவின் மூடியை வெகுநேரம் திருகிக்கொண்டிருந்தான். அவள் அதை வாங்காமல் விட்டுவைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் இல்லை என்று பிரகாஷே சொல்லிவிட்டான். பெங்களூரிலிருந்து முடிவு வந்தபோது மறுபடி கூட்டம் கூடியது. எட்டாவது குரோமோசோமில், அந்த வால் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று தஸ்லிம் எழுந்து சொன்னாள். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, இரண்டிலும் அதே மாற்றம். யாருடைய குற்றமும் இல்லை, அந்த விந்தணுவை எடுத்து ஊசி வழியாகக் கருமுட்டைக்குள் வைக்கும் வழி இருக்கிறது என்றும் சொன்னாள். கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. பூபதி எழுந்துவிட்டார்.

"நான் சொல்லிட்டேதான் இருக்கன். நம்ம ஆம்பள யாரும் ஃபெயில் இல்ல. இது மேனுஃபாக்சரிங் குத்தமே கிடையாது. டிசைன் குத்தம்." அவர் மேலே கையைக் காட்டினார். "அங்க எழுதிப் போடுங்க."

வடிவமைப்புப் பிரிவுக்கு முறைப்படி ஒரு குறைபாட்டு அறிக்கை தயாரானது. பதினைந்து வேலை நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. பெறுபவர் யாரென்ற பிரச்சினை எழுந்தது. நுழைவாயிலுக்குப் போய் விநாயகரின் 'பார்வையாளர்' அட்டையைக் கழற்றிவிட்டு, 'வடிவமைப்பு: பொறுப்பு' என்று புது அட்டை மாட்டி, காலடியில் அறிக்கையை வைத்தார்கள். அவர் மறுக்கவில்லை. காலங்காலமாக மனிதர்களின் இதைவிட மோசமான கடிதங்களையும் அவர் பொறுமையாகத்தான் வாங்கியிருக்கிறார்.

"அடுத்தது சப்-சப்ளையர் ஆடிட்," என்றார் பூபதி. "சப்ளையருக்குப் பொருள் எங்கிருந்து வந்துச்சு? அப்பா ஒரு பாதி, அம்மா ஒரு பாதி. அப்பா தீர்த்தகிரி காலமாயிட்டாரு. அம்மா இங்கயே இருக்காங்க."

சரோஜம்மாளுக்கு என்ன நடக்கிறதென்று புரிவதற்குள் அவள் கழுத்திலிருந்த நீல அட்டையைக் கழற்றினார்கள். அவள் பாதி குடித்து வைத்திருந்த பாதாம் பாலை ஒரு பையன் எடுத்துப் போனான். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, நாற்காலியை நகர்த்தினார்கள். வாடிக்கையாளர் அல்லாதவருக்கு அந்த வரிசையில் இருக்கை கிடையாது.

"பிரசவத்துக்கு முன்னாடி தரப் பரிசோதனை ஏதாவது செஞ்சீங்களா?" என்று கோட்டுக்காரர் கேட்டார்.

"என்னா பரிசோதன? களையெடுக்கப் போன எடத்துல வலி வந்துச்சு."

"ஆக, செய்யல." அவர் எழுதிக்கொண்டார். "அப்ப உங்களுக்குச் சரியான தூக்கம் இருந்துச்சா? கவலை ஏதாவது?"

அந்தக் கேள்விகளைச் சரோஜம்மாள் முன்பு கேட்டிருக்கிறாள். இந்தப் பக்கத்தில் நின்று கேட்டதில்லை. எழுபதை நெருங்கிய அந்த உடம்பு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

சுகுணா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மாமியாருக்குப் பின்னால் போட்டாள். "உக்காருங்க அத்த. சார், அவங்களுக்கு முட்டி வலி. நிக்க வச்சுக் கேக்காதீங்க. கேக்கறத என்னைய கேளுங்க, எனக்குப் பழக்கம்."

அதுவரை அந்த அறையில் சுகுணாவுக்காக யாரும் ஒரு நாற்காலியை நகர்த்தியதில்லை. பிரகாஷுக்கு அது உறைத்தது. வேறு எந்தத் தண்டனையைக் கொடுத்திருந்தாலும் அவன் தாங்கியிருப்பான். அவன் எழுந்தான்.

"அம்மா பேரும் வேணாம், சாமி பேரும் வேணாம். குறை எனக்கு. சோதிக்காம சரின்னு கையெழுத்துப் போட்டதும் நான். ரெண்டையும் என் பேர்ல எழுதுங்க."

பூபதிக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது. "அப்படி எழுத முடியாது தம்பி. எழுதினா ஃபெயில் கணக்குல எங்க பூஜ்யம் போயிரும்."

கடைசியில், வாடிக்கையாளர் தானாக விலகிக்கொண்டார் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

மறுநாள் காலை சரோஜம்மாளை பஸ் ஏற்ற இருவரும் போனார்கள். கிருஷ்ணகிரி பஸ் நின்றிருந்தது. அவள் ஏறவில்லை.

"கீரைய இன்னைக்கே ஆஞ்சுரு, வாடிரும்," என்றாள் சுகுணாவிடம். பிறகு கைப்பையின் வாரை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டே, "சாமல்பட்டியில ஒன்னப் பத்தி நான் பேசாத வூடு இல்ல. ஒவ்வொரு வூடா போயி மாத்திச் சொல்லிர்றன்," என்றாள்.

"வேணாம் அத்த. இவுரு பேரு கெடும்."

"கெடட்டும் விடு," என்றான் பிரகாஷ்.

சரோஜம்மாள் மகனைப் பார்க்காமல் மருமகளின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

வீடு திரும்பிய பிறகு, தஸ்லிம் சொன்ன வழியைப் பற்றி அவன் பேச்செடுத்தான். சுகுணா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "கொஞ்ச நாள் என் ஒடம்ப சும்மா வுடுங்க. அப்புறம் நானே சொல்றன்," என்றாள்.

"இத்தன வருஷத்த நான் எப்படி சுகுணா திருப்பித் தருவன்?"

"எனக்கு எப்படித் தருவீங்க? அது போனது போனதுதான்." அவள் குரலில் கோபம் இல்லை. காம்பையும் இலையையும் பிரித்து வைத்தாள். "எனக்கேதான் தரணும்னு இல்ல."

கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அட்டைகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி மையத்திலிருந்து நாலைந்து முறை போன் வந்தது. பிரகாஷ் ஒரு மதிய ஷிப்ட்டுக்கு முன் போய் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தான். பைக் நிறுத்துமிடத்தில் ஒருவன் நின்றிருந்தான். காதோரத்திலும் புருவத்திலும் வெள்ளையாகக் கல்தூள். கையில் ஒரு தாள்.

"அண்ணா, பேனா இருக்குதுங்களா? உள்ள குடுத்தத எங்கியோ வுட்டுட்டன். கையெழுத்துப் போட்டுட்டு பர்கூர் போவணும். கல்லு பாலீஷ் பட்டறையில லீவு தரமாட்டாங்க."

பிரகாஷின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவன் கை அதன்மேல் போய் நின்றது.

"இருக்குது. ஆனா தர மாட்டன்."

அந்த ஆள் பையிலிருந்த பேனாவைப் பார்த்தான்.

"நானும் இதே தாள்ல போட்டன்," என்றான் பிரகாஷ். "திரும்பத் திரும்பப் போட்டன். குறை எனக்குத்தான் இருந்துச்சு. என் வூட்டுக்காரிக்கு ஒண்ணுமில்ல. சும்மா ஒடம்பெல்லாம் ஊசி."

"ஆம்பளைக்குமா அப்படி வரும்?"

"எனக்கு வந்துச்சே."

அவன் பிரகாஷைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். மீசையைப் பார்த்தான், கம்பெனி ஷூவைப் பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. சிரிக்கட்டும் என்று பிரகாஷ் நின்றான்.

"பாத்தா நல்லாத்தான இருக்கீங்க," என்றான் அவன் கடைசியில்.

"பாத்தா தெரியாதுங்க. கடைசி ரூம்ல, ஜெனரேட்டர் பக்கத்துல, ஒரு டாக்டரம்மா இருக்காங்க. அரை மணி வேல. ஒண்ணும் இல்லன்னு வந்தா சந்தோஷமா போங்க. இருந்துச்சுன்னா, அதுக்கும் வழி இருக்குதுன்னு சொல்லுவாங்க."

அவன் தாளை மடித்தான். இன்னொருமுறை மடித்தான். "ஒங்க பேரு என்னங்கண்ணா?"

"பேரு எதுக்குங்க," என்று பிரகாஷ் வண்டியை உதைத்தான். ஷிப்ட்டுக்கு நேரமாகியிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இதைச் சுகுணாவிடமும் அவன் பிறகு சொல்லவில்லை.

உள்ளே மின்விசிறிக்குக் கீழே, மஞ்சள் அட்டை மாட்டிய ஒரு பெண் தன் முறைக்காகக் காத்திருந்தாள். புருவத்தில் கல்தூள் படிந்த அவள் கணவன் அவளைத் தாண்டிக் கடைசி அறைப் பக்கம் போனான். நர்ஸ் வந்து, "உங்களுக்கு இன்னைக்கு ஊசி இல்லம்மா, அப்புறம் சொல்றோம்," என்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே சுருட்டி வைத்திருந்த ரவிக்கைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.